தோப்பைக் காட்டுகிறார்கள், நேர அட்டவணையைக் காட்டுவதில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் கிராமப்புற யோகா முகாம்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தோம். தென்னந்தோப்பு, மண்சுவர்க் குடில், கிணற்று மேட்டில் சூரிய நமஸ்காரம் என்று படங்கள் எல்லாம் அழகு. ஆனால் அங்கே காலையில் எத்தனை மணிக்கு எழுப்புவார்கள், முதல் சாப்பாடு எப்போது, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஆசனம், பக்கத்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்பதில் ஒன்றுகூட கட்டுரையில் இல்லை. முகாமுக்குப் போனவர் தெம்பாகத் திரும்புவதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்புவதும் பெரும்பாலும் அந்த மணிக்கணக்கைப் பொறுத்த விஷயம். யோகா சொல்லித்தருவதையே தொழிலாகக் கொண்ட நாங்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் சாப்பாட்டு நேரம். முழுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆசனம் தொடங்க 3 முதல் 4 மணி நேரம் இடைவெளி வேண்டும். இரண்டு இட்லி அளவு என்றால் 2 மணி நேரம் போதும். பழைய ஆசிரமங்களின் நாள்முறை இந்தக் கணக்கின் மேல் கட்டப்பட்டது. பத்தமடையில் பிறந்த சுவாமி சிவானந்தரின் சீடர் விஷ்ணுதேவானந்தர் வகுத்த முறையில் நடக்கும் ஆசிரமங்களை எடுத்துக்கொள்ளுங்கள். மதுரைக்கு வெளியே ஒன்று இருக்கிறது, கேரளத்தில் நெய்யாறு அணைக்கரையில் ஒன்று இருக்கிறது. அங்கே காலை 6 மணிக்குத் தியானமும் பஜனையும், 8 மணிக்கு ஆசன வகுப்பு, 10 மணிக்குத்தான் முதல் சாப்பாடு. மாலை 4 மணிக்கு மறுபடியும் ஆசனம், 6 மணிக்கு இரண்டாவது சாப்பாடு, 8 மணிக்கு இரவுத் தியானம். நாளுக்கு இரண்டே வேளை. கேட்டதும் பட்டினி போடுகிறார்கள் என்று தோன்றும். அட்டவணையை உற்றுப் பார்த்தால், எந்த ஆசன வகுப்பும் நிறைந்த வயிற்றில் வராதபடி சாப்பாட்டை அடுக்கியிருப்பது புரியும்.

புதிதாக முளைக்கும் வார இறுதி முகாம்கள் இதில் பாதியை எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடுகின்றன. 8.30க்கு நெய் மிதக்கும் வெண்பொங்கல், வடை, கேசரி. 9.30க்கு வகுப்பு. கவிழ்ந்து படுத்துப் புஜங்காசனம், தனுராசனம் செய்யும்போது வயிற்றின் மேல் உடம்பின் எடை அழுத்தும். பொங்கல் தொண்டைக்கு ஏறும். நெஞ்செரிச்சலில் மார்பைப் பிடித்துக்கொள்கிறவரைப் பார்த்து மாரடைப்போ என்று கூடம் முழுக்கப் பதறும். இதற்கு ஆசனத்தைக் குறை சொல்லிப் பயனில்லை, சமையலறைக் கடிகாரத்தைத்தான் மாற்ற வேண்டும். பயிற்சிக்கு முன்னால் ஏதாவது வேண்டும் என்றால் அரைத் தம்ளர் ராகிக் கஞ்சியோ ஒரு வாழைப்பழமோ போதும். பொங்கலைப் பயிற்சி முடிந்து அரை மணி நேரம் கழித்து நிம்மதியாகச் சாப்பிடலாம்.

இதே இரண்டு வேளை முறை சர்க்கரை நோயாளிக்கு வேறு ஆபத்தைக் கொண்டுவரும். இன்சுலின் போடுகிறவர்களும், கிளிமிபிரைடு வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் முதல் நாள் மாலை 6 மணிக்குச் சாப்பிட்டுவிட்டு மறுநாள் 10 மணி வரை, நடுவில் ஒன்றரை மணி நேர ஆசனத்தோடு, வெறும் வயிற்றில் இருந்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும். வியர்வை, கை நடுக்கம், கண் மங்கல், காரணமில்லாத எரிச்சல், பேச்சுக் குழறல் எல்லாம் அதன் அடையாளங்கள். யோகா கூடத்தில் வியர்ப்பதும் நடுங்குவதும் இயல்பு என்று பக்கத்தில் இருப்பவரும் விட்டுவிடுவார், ஆசிரியரும் விட்டுவிடுவார். இங்கேதான் ஆபத்து. சந்தேகம் வந்த உடனே 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பார்த்து, ஏறாவிட்டால் இன்னொரு முறை. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. பயிற்சிக்கு முன் ரத்தச் சர்க்கரை 100க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்ட பிறகே பாயில் உட்கார வேண்டும். முகாமின் சாப்பாட்டு நேரங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய், அந்த நாட்களுக்கு மருந்தின் அளவையும் நேரத்தையும் எப்படி மாற்றுவது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது முகாமுக்கு ஒரு வாரம் முன்னால் முடிய வேண்டிய வேலை. 'இங்கே வந்தால் மாத்திரை தேவையில்லை' என்று எந்த முகாமாவது சொன்னால், அந்த முகாமே தேவையில்லை என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

காபியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் தினம் மூன்று தம்ளர் டிகாக்‌ஷன் காபி குடிப்பவர் முகாமில் சட்டென்று சுக்குமல்லிக்கு மாறுவார். கடைசிக் காபிக்குப் பின் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கும். இரண்டாவது நாள் உச்சம். சிலருக்கு ஒரு வாரம் கூட இழுக்கும். கூடவே தூக்கக் கலக்கம், குமட்டல், எதைக் கண்டாலும் சிடுசிடுப்பு. இதை 'உடம்பிலிருந்து நச்சு வெளியேறுகிறது' என்று ஒலிபெருக்கி வைத்து விளக்குகிறார்கள். நச்சும் இல்லை, ஒன்றும் இல்லை. காபியில் உள்ள காஃபீனுக்குப் பழகிய மூளை ரத்தக்குழாய்கள் அது கிடைக்காமல் விரிவதால் வரும் வலி. போவதற்கு 10 நாள் முன்பிருந்தே மூன்று தம்ளரை இரண்டாக்கி, பிறகு ஒன்றாக்கி, பிறகு அரைத் தம்ளராக்கி வந்தால் இந்த வலியே இருக்காது. வார இறுதி முகாம்தான் என்றால் காபியை விடவே வேண்டாம், காலை ஒரு தம்ளர் குடித்துவிட்டுப் போகலாம் என்பது எங்கள் கருத்து. இரண்டு நாளில் காபியை விட்டு யாரும் யோகியானதில்லை.

இனி ஆசனம். ஒருவர் ஆறு மாதமாக எந்தப் பயிற்சியும் செய்யாதவர் என்று வைத்துக்கொள்வோம். அவர் வெள்ளி இரவு பஸ் ஏறி, சனிக்கிழமை காலையும் மாலையும், ஞாயிறு காலையும் என்று நாலரை ஐந்து மணி நேரம் ஆசனம் செய்கிறார். பழகாத தசை வேலை செய்தால் வலி உடனே தெரியாது. ஒரு நாள் கழித்துக் கிளம்பி, இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போகும். ஆகவே சனிக்கிழமை மாலை 'எனக்கு ஒன்றும் வலிக்கவில்லையே' என்ற தெம்பில் இன்னும் கொஞ்சம் குனிவார், இன்னும் கொஞ்சம் வளைவார். போதும் என்று உடம்பு சொல்லும்போது அவர் ஊருக்குத் திரும்பி அலுவலக நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். ஏழு நாள் முகாமில் இந்தச் சிக்கல் குறைவு. மூன்றாம் நாள் உடம்பே கடிவாளம் போட்டுவிடும். இரண்டு நாள் முகாமில் அந்தக் கடிவாளத்தை ஆசிரியர்தான் போட வேண்டும்: முதல் நாள் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆசனம் கூடாது, சூரிய நமஸ்காரம் நாலு முதல் ஆறு சுற்றுக்குள் நிற்க வேண்டும். வலது கால் ஒரு முறை, இடது கால் ஒரு முறை சேர்ந்தது ஒரு சுற்று. சில இடங்களில் ஒரு பக்கத்தையே ஒரு சுற்றாக எண்ணுவார்கள். 'பன்னிரண்டு' என்று சொன்னால் எந்தக் கணக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். 108 சூரிய நமஸ்காரம் என்று போட்டி வைக்கும் முகாம்களில் அறுபதுக்கு மேல் போனதும் தோள் தளர்ந்து, உடம்பை இறக்கும் நிலையில் எடை முழுக்க மணிக்கட்டில் விழும். வீடு வந்தபின் தோசைக்கல்லைத் தூக்க முடியாமல் போவது அப்படித்தான்.

குளிர்ந்த அதிகாலையில் முதல் ஆசனமாகவே முன்குனியும் பச்சிமோத்தாசனத்தை வைப்பது பல முகாம்களில் நடக்கும் தவறு. இரவு முழுக்கப் படுத்திருந்ததில் முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் தட்டுகள் நீரை உறிஞ்சிப் பருத்திருக்கும். எழுந்த முதல் ஒரு மணி நேரம் முன்னால் குனியும்போது அவற்றின் மேல் அழுத்தம் மிகுதி. ஏலகிரி, சிறுமலை, சவ்வாது மலை போன்ற இடங்களில் மார்கழி, தை மாதத்து விடியலில் தசையும் விறைத்திருக்கும். எழுந்ததும் கொஞ்சம் நடை, பிறகு மூட்டுகளைச் சுழற்றும் எளிய அசைவுகள், நின்று செய்யும் ஆசனங்கள், கடைசியில் குனிவது என்ற வரிசைதான் சரி.

குனியும்போது வலி எங்கே வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பின்தொடையின் நடுவே இழுப்பது தசை நீள்வது. அதில் ஒன்றும் இல்லை. பிட்டத்துக்கு அடியில், உட்கார்ந்தால் தரையில் படும் எலும்பின் மேல் ஊசி குத்துவதுபோல் வலித்தால், தசைநாண் எலும்பில் ஒட்டும் இடம் பிய்கிறது என்று பொருள். உடனே நிறுத்திவிட வேண்டும். இழுத்தால் சரியாகிவிடும் என்று தொடர்ந்தால் மாதக்கணக்கில் நாற்காலியில் உட்கார முடியாது. முழங்காலை லேசாக மடித்துக்கொண்டு இடுப்பிலிருந்து குனிந்தால் அந்த இடத்தின் சுமை குறையும். முதுகின் மேல் கையை வைத்தோ முழங்காலை வைத்தோ அழுத்தி நெற்றியைக் காலில் தொடவைக்கும் ஆசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள். 'என்னைத் தொடாமல் சொல்லிக்கொடுங்கள்' என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. பெண்கள் இதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடலாம். நல்ல முகாம்களில் படிவத்திலேயே இதற்கு ஒரு கட்டம் இருக்கும்.

பத்மாசனத்தில் கால் திரும்ப வேண்டியது இடுப்பு மூட்டில். நாற்காலி வாழ்க்கையில் இடுப்பு இறுகியவருக்கு அது திரும்பாது. அப்படியிருக்கக் காலைத் தூக்கி மேலே போட்டால் திருகல் முழங்காலுக்கு இறங்கி உட்பக்கச் சவ்வைக் கிழிக்கும். தியானத்துக்குப் பத்மாசனம் கட்டாயம் என்று எந்தச் சட்டமும் இல்லை. போர்வையை நாலு விரற்கடை உயரத்துக்கு மடித்து அதன் விளிம்பில் உட்கார்ந்தால் முழங்கால் இடுப்பைவிடத் தாழ்ந்து, முதுகு தானே நிமிரும். காலை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். மரத்துப்போன காலோடு சட்டென்று எழுந்து நடக்கக்கூடாது. பாதம் மடங்கிக் கணுக்கால் சுளுக்கிக்கொள்ளும்.

சிரசாசனத்தை வார இறுதி முகாமில் சொல்லிக்கொடுக்கவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. எடை முன்கைகளில் தங்க வேண்டும், தலை தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். அந்தத் தோள் வலு வாரக் கணக்கில் வரும், நாள் கணக்கில் வராது. அது வருமுன் சுவரில் சாய்த்து நிறுத்திப் புகைப்படம் எடுத்தால் எடை கழுத்து எலும்பின் மேல்தான் நிற்கும். கண் விஷயம் இன்னும் முக்கியம். சிரசாசனத்தில் நிற்கும்போது கண்ணின் உள்ளழுத்தம் சுமார் இரண்டு மடங்காகிறது என்று சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. கண் நீர் அழுத்த நோய் உள்ளவர்கள் தலைகீழ் ஆசனங்கள் பக்கமே போகக்கூடாது. அந்த நோய் இருப்பது பலருக்குத் தெரியாமலே இருக்கும் என்பதால், 40 வயது தாண்டியவர்கள் ஒரு முறை கண்ணழுத்தம் பார்த்துக்கொண்டு போவது நல்லது. விழித்திரைக் கோளாறு, கட்டுக்கு அடங்காத ரத்த அழுத்தம், கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர்களுக்கும் இதே தடைதான். தலைகீழ் ஆசனத்தின் பலனில் பெரும்பகுதி வேண்டும் என்றால் சுவரில் காலைச் சாய்த்து 5 நிமிடம் மல்லாந்து படுத்திருங்கள். யாரும் படம் எடுக்க மாட்டார்கள், அவ்வளவுதான் குறை.

மூச்சுப் பயிற்சியில் நடக்கும் குழப்பத்துக்கு ஒரு உதாரணம் போதும். பஸ்திரிகா, கபாலபாதி என்ற வேக மூச்சுப் பயிற்சிகளை நிமிடக் கணக்கில் செய்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும். மூளை ரத்தக்குழாய்கள் சுருங்கும். தலை கிறுகிறுக்கும், விரல் நுனியும் உதடும் மரமரக்கும், சில சமயம் விரல்கள் விறைத்து மடங்கிக்கொள்ளும். இதைக் 'குண்டலினி எழுகிறது' என்று சொல்லி இன்னும் வேகமாகச் செய்யச் சொல்பவரை நம்பாதீர்கள். நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சு விட்டால் சில நிமிடங்களில் சரியாகிவிடும். புதியவருக்கு, ஒரு மூக்குத் துவாரத்தில் இழுத்து மறு துவாரத்தில் விடும் நாடிசுத்தி போதும்: 4 எண்ணும் வரை இழுத்து, 4 எண்ணும் வரை விடுவது, சில நாளில் விடுவதை 6, 8 என்று நீட்டுவது. மூச்சை அடக்கும் கும்பகம் முதல் முகாமில் வேண்டாம். கர்ப்பிணிகள், குடலிறக்கம் உள்ளவர்கள், சமீபத்தில் வயிற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் வேக மூச்சுப் பயிற்சிகளைத் தொடவே கூடாது.

இப்போது நாங்கள் அதிகம் கவலைப்படும் இடத்துக்கு வருகிறோம். கிராமத்து முகாம்களில் ஜலநேதி என்ற மூக்குக் கழுவல் தவறாமல் இருக்கும். முறையாகச் செய்தால் நல்லது. தூசியிலும் மகரந்தத்திலும் அவதிப்படுகிறவர்களுக்கு உதவும். உப்பின் அளவு அரை லிட்டருக்கு ஒரு மட்ட டீஸ்பூன். ரத்தத்தில் உள்ள அளவுக்கு இது ஏறக்குறைய ஒத்தது என்பதால் எரியாது. உப்பு குறைந்தாலும் கூடினாலும் மூக்கு எரிந்து கண்ணில் நீர் கொட்டும். கல்லுப்பு என்றால் டீஸ்பூன் கணக்கு சரியாக வராது, தூளாக்கி அளக்க வேண்டும். சூடு கையின் உட்புறத்தில் ஊற்றினால் வெதுவெதுப்பாகத் தெரியும் அளவு. வாயால் மூச்சு விட்டபடி தலையைச் சாய்த்து, மேல் துவாரத்தில் கிண்டியின் (மூக்கு வைத்த சிறு செம்பின்) நுனியை வைத்தால் தண்ணீர் தானே கீழ்த் துவாரத்தில் இறங்கும்.

தண்ணீர் எந்தத் தண்ணீர் என்பதுதான் கேள்வி. கிணறு, குளம், மொட்டை மாடித் தொட்டி ஆகியவற்றின் நீரை வெதுவெதுப்பாக்கினால் மட்டும் போதாது. நன்னீரில் வாழும் நெக்லேரியா ஃபௌலேரி என்ற அமீபா மூக்கின் வழியாக மூளைக்கு ஏறினால் பிழைப்பது மிக அரிது. கேரளத்தில் 2024இல் அடுத்தடுத்து வந்த அமீபா மூளைக்காய்ச்சல் செய்திகளை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த நீரைக் குடித்தால் இந்த அமீபா ஒன்றும் செய்யாது. மூக்கில் ஏறினால்தான் ஆபத்து. நேதி என்பது தண்ணீரை வேண்டுமென்றே மூக்கில் ஏற்றும் காரியம். ஆகவே தண்ணீர் தளதளவென்று குறைந்தது ஒரு நிமிடம் கொதிக்க வேண்டும், மூடிவைத்து ஆற வேண்டும், அப்படி ஆறிய நீரில்தான் உப்புப் போட வேண்டும். 'சூடாக இருக்கிறது, மேலே கொஞ்சம் பச்சைத் தண்ணீர் விளாவு' என்று யாராவது விளாவினால் கொதிக்கவைத்தது வீண். 30 பேருக்கு நேதி என்றால் 15 லிட்டர் முந்தின இரவே கொதித்து ஆறியிருக்க வேண்டும். சமையல்காரரிடம் கேட்டாலே நடந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும். கிண்டியும் ஆளுக்கு ஒன்று, சொந்தமாக. முடிந்ததும் குனிந்து தலையை இருபுறமும் திருப்பி, இரண்டு துவாரமும் திறந்தபடி மெதுவாக ஊதி நீரை வடிக்க வேண்டும். வடிக்காமல் விட்டால் மதியம் நெற்றி கனக்கும். ஒரு துவாரத்தை அடைத்துக்கொண்டு பலமாகச் சிந்தினால் தண்ணீர் காதுக்குப் போய் வேறு தொல்லை. கடும் சளியில் மூக்கு முழுக்க அடைத்திருக்கும் அன்று நேதி வேண்டாம்.

நேதிக்கு அண்ணன் ஒன்று இருக்கிறது: சங்கப் பிரக்‌ஷாளனம். லிட்டருக்கு 2 டீஸ்பூன் உப்பு கலந்த வெந்நீரை இரண்டிரண்டு தம்ளராகக் குடித்து, ஒவ்வொரு முறையும் ஐந்து ஆசனங்களை எட்டெட்டுத் தடவை செய்து, போகிற நீர் தெளியும் வரை குடலைக் கழுவுவது. முழு முறையில் 16 தம்ளருக்கு மேலும் போகும். முடிந்ததும் 45 நிமிடம் தூங்காமல் ஓய்வு, பிறகு அரிசியும் பாசிப்பருப்பும் குழைய வெந்து நெய் ஊற்றிய கஞ்சி. அதன்பின் ஒரு வாரம் பால், புளிப்பு, காரம், எண்ணெய்ப் பண்டம் கூடாது என்பது மரபு. இந்த ஒரு வார விதியை நினைத்தாலே வார இறுதி முகாமில் இதற்கு இடமில்லை என்று புரியும். ஆனாலும் ஞாயிறு காலை இதைச் செய்யவைத்து, மதியம் அப்பளத்தோடு விருந்து போட்டு, மாலை பஸ்ஸில் ஏற்றி அனுப்புகிறார்கள். வழியில் கழிப்பறை இல்லாத நாலு மணி நேரப் பயணத்தில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகம், வயிற்றுப்புண் சிக்கல் உள்ளவர்களுக்கு அவ்வளவு உப்பும் நீரும் உடம்பின் சமநிலையைக் குலைக்கும். காலையில் விழுங்கிய மாத்திரையும் உடம்பில் சேராமல் அடித்துக்கொண்டு போகும். யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

நாட்டுப்புறம் என்றால் தரைப்படுக்கை. பகலில் விரிக்கும் பாயைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை: ஆறடிக்கு இரண்டடி ரப்பர் விரிப்பு, அதன் மேல் வியர்வைக்கு ஒரு ஜமுக்காளம். பத்தமடைக் கோரைப்பாய், மல்லாந்து படுத்து ஓய்வெடுக்கும் சவாசனத்துக்குச் சுகம். ஆனால் வழவழப்பான தரையில் நின்று செய்யும் ஆசனத்துக்கு அது வழுக்கும். இரவுப் படுக்கைதான் யோசிக்க வேண்டியது. கட்டுவிரியன் இரவில் நடமாடும். தரையில் தூங்குகிறவர்களைத்தான் பெரும்பாலும் கடிக்கும். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ அநேகமாக இருக்காது. விடியலில் வயிற்றுவலி, கண் இமை தொங்குதல், விழுங்க முடியாமை என்று தொடங்கும். முகாமில் அதை 'இரவுச் சாப்பாடு சேரவில்லை' என்று நினைத்துச் சீரகத் தண்ணீர் கொடுத்தால் நேரம் போய்விடும். கட்டில் கேளுங்கள். இல்லாவிட்டால் கொசுவலையைப் பாய்க்கு அடியில் நாலு பக்கமும் செருகிப் படுங்கள். இருட்டில் டார்ச் இல்லாமல் கழிப்பறைக்குப் போகாதீர்கள், செருப்பை உதறிப் போடுங்கள். கடி என்று சந்தேகம் வந்தால் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்டவரை நடக்க விடாமல், அந்தக் கையையோ காலையோ அசையாமல் வைத்து 108க்குக் கூப்பிட வேண்டும். விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனை எது, போக எத்தனை நிமிடம் என்பது முகாம் நடத்துகிறவருக்கு உடனே சொல்லத் தெரிய வேண்டும். 'மௌன விரதம்' என்று எல்லோர் செல்போனையும் வாங்கிப் பூட்டிவைக்கும் இடங்களில், கூடத்தின் பக்கத்தில் சிக்னல் கிடைக்கும் ஒரு போனாவது திறந்திருக்க வேண்டும்.

முழங்கால் வலி உள்ளவர்கள் முன்பதிவுக்கு முன்னால் கேட்க வேண்டிய முதல் கேள்வி கழிப்பறை இந்திய முறையா மேற்கத்திய முறையா என்பது. கூச்சப்பட்டுக் கேட்காமல் போய், மூன்று நாள் தண்ணீரையே குறைத்துக் குடித்து மலச்சிக்கலோடு திரும்புகிறவர்கள் உண்டு. முளைகட்டிய பயறும் பச்சைக் காய்கறியும் திடீரென்று தட்டு நிறைய வந்தால் பழகாத வயிறு உப்பும். முதல் நாள் ஒரு கைப்பிடி போதும்.

ஆசிரியரின் தகுதியை எப்படி அறிவது? மத்திய ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் யோகா சான்றளிப்பு வாரியம் இருக்கிறது. அது பல நிலைகளில் தேர்வு வைத்துச் சான்றிதழ் தருகிறது. வெளிநாட்டுப் பாணியில் '200 மணி நேரம்' படித்தவர்கள் பலர். ஒரு மாதத்தில் முடிகிற படிப்பு அது. அதை மட்டும் வைத்து நோயாளிக்கு யோசனை சொல்லும் தகுதி வராது. இயற்கை மற்றும் யோகா மருத்துவத்தில் ஐந்தரை ஆண்டு பி.என்.ஒய்.எஸ். பட்டம் பெற்றவர்கள்தான் இதில் மருத்துவர்கள். சென்னை அரும்பாக்கத்தில் அதற்கென்று அரசுக் கல்லூரியே இருக்கிறது. பல அரசு மருத்துவமனைகளிலும் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவு இயங்குகிறது. நோய் உள்ளவர்கள் முகாமுக்குப் போகுமுன் அங்கே ஒரு நாள் போய், எந்த ஆசனம் ஆகும், எது ஆகாது என்று எழுதி வாங்கிக்கொள்ளலாம். சான்றிதழைவிட எளிய சோதனை ஒன்றும் உண்டு. பணம் கட்டும் முன் உங்கள் வயது, நோய், மருந்து, பழைய அறுவைச் சிகிச்சை பற்றி அவர்களாகவே கேட்கிறார்களா? கேட்காதவரிடம் போக வேண்டாம். ஒரு ஆசிரியருக்கு 15 பேர் வரை சமாளிக்கலாம். 40 பேர் கூடத்தில் ஒருவரே மேடையில் நின்று சொன்னால் பின்வரிசையில் யார் எப்படி வளைகிறார்கள் என்று அவருக்குத் தெரியாது.

பத்திரிகை ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். இத்தகைய முகாம்களின் அறிவிப்புகளைத் தங்கள் இணைப்பில் வெளியிடும்போது ஐந்து விவரங்களையும் கேட்டு வாங்கி அதன் அடியிலேயே போடுங்கள்: எழுப்பும் நேரமும் சாப்பாட்டு நேரங்களும், நாளொன்றுக்கு ஆசனம் எத்தனை மணி நேரம், எத்தனை பேருக்கு ஓர் ஆசிரியர், நேதி போன்ற உடம்பைக் கழுவும் கிரியைகள் உண்டா, அருகிலுள்ள அரசு மருத்துவமனை எத்தனை கிலோமீட்டர். நாலு வரியில் அடங்கிவிடும். தோப்பின் படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கினால் இடம் கிடைக்கும்.

இப்படிக்கு,
யோகா ஆசிரியர்கள் சிலர்,
திண்டுக்கல்.